கடன்காரன் வாசலில் வந்து நின்றால்

போன ஆவணி மாதம் ஒரு நாள் காலை. காபி குடித்துவிட்டு அப்போதுதான் பேப்பரை விரித்தேன். எதிர்வீட்டு டீச்சரம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். அரசுப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வந்தவர் உட்காரவில்லை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, உங்களை ஒண்ணு கேக்கணும். என் பென்ஷனைப் பிடிச்சுடுவாங்களா?"

விசாரித்தால் விஷயம் இதுதான். மூன்று வருஷம் முன்பு மகன் கடை வைப்பதற்காக ஒரு தனியார் பைனான்ஸில் கடன் வாங்கினான். ஜாமீனுக்கு என்று அம்மாவிடம் மூன்று செக் தாள் வாங்கிக்கொண்டார்கள். தேதி இல்லை, தொகை இல்லை, கையெழுத்து மட்டும். பதினான்கு தவணை ஒழுங்காகக் கட்டினான். அப்புறம் கடை நொடித்துவிட்டது. அன்று காலை ஆறரை மணிக்கு இரண்டு பையன்கள் பைக்கில் வந்து வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "செக் பவுன்ஸ் ஆயிடுச்சு. நாளைக்கு போலீஸ் வரும். பென்ஷனை ஜப்தி பண்ணுவோம்" என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கோலம் போட வந்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். டீச்சரம்மாவுக்குப் பணத்தைவிட அதுதான் பெரிய காயம்.

நான் கேட்ட முதல் கேள்வி: "கையில ஏதாவது காகிதம் கொடுத்தாங்களா?"

"இல்லையே அண்ணா."

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் 1974இல் கோர்ட் உத்தியோகத்தில் சேர்ந்து, பல வருஷம் அமீனாவாக இருந்து, 2009இல் நாசர் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் யார் வீட்டு வாசலில் நின்றாலும் அவர்கள் முகம் வாடிப்போகும் உத்தியோகம் அது. ஆனால் காகிதம் இல்லாமல் ஒரு வாசலிலும் நான் நின்றதில்லை. டீச்சரம்மாவுக்கு அன்று சொன்னதையும், அதன் பின்னால் இருக்கிற பழைய கதையையும் சேர்த்து எழுதிவைத்தால் நம் வயதுக்காரர்கள் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

கோடு கிழித்த காலம்

கடனை வசூலிக்க வாசலில் வந்து நிற்பது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் நம் சோழமண்டலக் கரைப் பக்கம் வந்த வெனிஸ்காரர் மார்க்கோ போலோ ஒரு சங்கதி எழுதிவைத்திருக்கிறார். கடன் கொடுத்தவன் பலமுறை கேட்டும் வாங்கியவன் இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவானாம். பணத்தைக் கொடுத்தோ, ஜாமீன் சொல்லியோ தீர்க்காமல் வட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாது. மீறினால் தலைக்கே ஆபத்து. இந்த நாட்டு ராஜாவே ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பணம் பாக்கி வைத்திருந்தாராம். அவர் குதிரையில் வரும்போது வியாபாரி சுற்றிலும் வட்டம் போட்டுவிட, ராஜா பணம் தீர்க்கிற வரை குதிரையை நகர்த்தவில்லையாம். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

இன்னொரு வழக்கம் தர்ணா. இப்போது அந்தச் சொல்லை அரசியல் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. பழைய காலத்தில், கடன் கொடுத்தவர் வாங்கியவர் வீட்டு வாசலில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிடுவார். அவர் பட்டினி கிடந்து செத்தால் பாவம் வீட்டுக்காரரைச் சேரும் என்ற பயம்தான் ஆயுதம். வெள்ளைக்காரர்கள் 1860இல் இந்திய தண்டனைச் சட்டம் எழுதியபோது, தெய்வ கோபம் வரும் என்று நம்பவைத்து ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக 508ஆம் பிரிவில் வைத்தார்கள். அதற்கு உதாரணமாக அவர்கள் கொடுத்ததே வாசலில் தர்ணா உட்காருவதைத்தான்.

ஆக, வாசலில் வந்து நின்று மானத்தை வாங்கிப் பணம் பெயர்ப்பது கூடாது என்ற எண்ணம் 1860லேயே சட்டத்தில் ஏறிவிட்டது. அதற்குப் பதிலாக அவர்கள் கொண்டுவந்தது கோர்ட், டிக்ரி, ஜப்தி, வாரண்ட், அமீனா.

அமீனாவுக்குப் போட்ட வேலி

அமீனா என்றால் வீட்டில் உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறவன் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தைப் படித்தால், எடுக்கக்கூடிய பொருளைவிட எடுக்கக்கூடாத பொருளின் பட்டியல்தான் நீளமாக இருக்கும். அதன் 60ஆம் பிரிவை என் முதல் நாசர் எனக்கு மனப்பாடம் செய்யவைத்தார்.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொடக்கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையைத் தொடக்கூடாது. நம் பக்கம் அது தாலி. கைத்தொழில் செய்பவரின் கருவியைத் தொடக்கூடாது. விவசாயியிடம் கலப்பையையும், பிழைப்புக்கு வேண்டிய மாட்டையும், விதை நெல்லையும் எடுக்கக்கூடாது. அரசு ஓய்வூதியத்தைப் பிடிக்கக்கூடாது.

நேரமும் உண்டு. பொழுது சாய்ந்தபின், பொழுது விடியும் முன், ஒரு வீட்டுக்குள் நுழையக்கூடாது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது.

1978 என்று ஞாபகம். ஒரு நெசவாளர் மேல் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு டிக்ரி. கைது வாரண்டை எடுத்துக்கொண்டு போனேன். இருட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டதால், தெருமுனைப் புளியமரத்தடியில் நின்று சூரியன் எழும்பிய பிறகுதான் கதவைத் தட்டினேன். அவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். தறியை ஜப்தி செய்ய முடியாது. ஆளைத்தான் அழைத்துப்போக வேண்டும். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அந்த மோர் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

கோர்ட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. சிவில் ஜெயிலில் ஒருவரை வைத்தால் அவருக்கான சாப்பாட்டுப் படியை, ஜெயிலுக்கு அனுப்பச் சொன்ன கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஆளை விட்டுவிடுவார்கள். ஜெயிலில் இருந்துவிட்டு வந்தாலும் கடன் கழியாது. முனிசீப் இதைச் சொன்னதும் அந்த லேவாதேவிக்காரர், "பணமும் கொடுத்து சோறும் நான் போடணுமா?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. கடைசியில் மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டார். நெசவாளர் மத்தியானமே வீடு திரும்பிவிட்டார்.

இந்த வேலி படிப்படியாக உயர்ந்துகொண்டுதான் வந்தது. 1936இல் ஒரு திருத்தம் வந்தது. கையில் வழி இருந்தும் கொடுக்க மறுக்கிறார், அல்லது சொத்தை மறைக்கிறார் என்று கோர்ட் திருப்திப்பட்டால்தான் ஜெயில் என்று ஆயிற்று. 1938இல் ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாண மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய விவசாயக் கடன்களில், வட்டியாகவோ அசலாகவோ அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. என் தாத்தா காலத்து ஆட்கள் அந்தச் சட்டத்தைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

1908 சட்டம் ஆறு மாதம் வரை சிவில் ஜெயில் என்றது. 1976 திருத்தம் அதை மூன்று மாதமாகக் குறைத்தது. இன்றைக்கு 2,000 ரூபாய்க்கு உட்பட்ட டிக்ரிக்கு ஜெயிலே கிடையாது.

1980இல் கேரளத்திலிருந்து போன ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து கட்டினார். கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு விரோதம், வழியிருந்தும் ஏமாற்றுகிற கெட்ட எண்ணம் இருந்தால்தான் சிறை என்றார். எங்கள் ஆபீஸில் வாரண்டுகள் குறைந்ததை நானே பார்த்தேன். ஏழ்மை குற்றம் இல்லை என்று தீர்ந்துவிட்டது என்றே நினைத்தோம்.

பின்வாசல் வழியாக வந்த ஜெயில்

இங்கேதான் செக் வருகிறது.

செக் பற்றிய சட்டம் பழையது, 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம். ஆனால் நம் ஊர்களில் கடனுக்குச் சாட்சி புரோநோட்டுதான். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. 1969இல் பதினான்கு வங்கிகள் தேசியமயமான பிறகு கடைத்தெருவுக்கு ஒரு கிளை வந்தது. வாத்தியாருக்கும் வியாபாரிக்கும் செக் புத்தகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் செக் திரும்பினால் சிவில் வழக்குப் போடுவார்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு கொடுத்தான் என்று நிரூபிக்க முடிந்தால் 420 போடலாம். அது சுலபம் இல்லை. செக்கை யாரும் மதிப்பதில்லை, வியாபாரம் நடப்பதில்லை என்று புகார் எழுந்தது.

அதனால் 1988இல் ஒரு திருத்தம் செய்து 138ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். 1989 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் குற்றம். ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2002 திருத்தத்தில் ஜெயில் இரண்டு வருஷமாக உயர்ந்தது.

நோக்கம் நல்லதுதான். சரக்கை வாங்கிக்கொண்டு போலி செக் கொடுக்கிறவர்களால் அழிந்துபோன சின்ன வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தச் சட்டம்தான் துணை. ஆனால் கடன் கொடுப்பவர்கள் அடுத்த நாளே இதைப் புரிந்துகொண்டார்கள். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிய அதே கைகள், தொகை எழுதாத செக்கில் கையெழுத்து வாங்க ஆரம்பித்தன. புரோநோட்டு சிவில் கோர்ட்டுக்குத்தான் போகும். செக் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். 1980இல் முன்வாசலில் சாத்திய கதவு, 1989இல் பின்வாசல் வழியாகத் திறந்துகொண்டது.

எங்கள் வளாகத்தில் அந்த வருஷங்களில் கட்டு கட்டாக வந்தவை செக் கேஸ்கள்தான். 2019 முடிவில் நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட செக் வழக்குகள் நிலுவையில் இருந்ததாக உச்ச நீதிமன்றமே கணக்குச் சொன்னது.

செக் கேஸுக்கும் காகிதம் உண்டு

டீச்சரம்மாவை உட்காரவைத்து, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். செக் திரும்பினால் உடனே போலீஸ் வராது. இது போலீஸ் தானாகப் பிடித்துக்கொண்டு போகக்கூடிய குற்றம் இல்லை. செக் வைத்திருப்பவர் எழுத்துமூலம் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் படி படியாக ஏற வேண்டும்.

செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். 2012 ஏப்ரல் முதல் இப்படி, முன்பு ஆறு மாதம். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணத்தைக் கொடுக்க 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் புகார் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் சம்மன்.

இதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் பொய்யான தைரியம் கொடுக்கக்கூடாது அல்லவா? அடுத்த பாதியையும் சொன்னேன்.

"கடன் என்னுது இல்லை, பையனுது" என்று சொல்லித் தப்ப முடியாது. இன்னொருவர் கடனுக்கு ஜாமீனாகக் கொடுத்த செக்குக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன் என்பதும் போதாது. கையெழுத்து நம்முடையது என்றால், கடன் இருந்தது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் மேல் விழும். வங்கியில் ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தாலோ, கணக்கை மூடினாலோ தப்பலாம் என்று டீக்கடையில் சொல்வார்கள், அதையும் நம்பக்கூடாது. வந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால், கிடைத்ததாகவே கணக்கு. சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் அப்போது வாரண்ட் வரும், அந்த வாரண்ட்டோடு போலீஸும் வரும்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா அண்ணா?"

இருந்தது. மகன் பதினான்கு தவணை கட்டியிருக்கிறான். 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், அதைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டு இந்தப் பிரிவில் வழக்கு நடத்த முடியாது என்று சொன்னது. ஆகவே கணக்குத்தான் நம் கவசம். ரசீதுகள், வங்கிப் பாஸ்புக் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்க்கச் சொன்னேன்.

பென்ஷனுக்கு 1871ஆம் வருஷத்திலேயே தனிச் சட்டம் இருக்கிறது. அரசு ஓய்வூதியத்தைக் கடன் கொடுத்தவர் ஜப்தி செய்ய முடியாது என்பது அப்போதே எழுதிவைத்தது. வாசலில் கத்திய பையன்களின் தாத்தாவுக்குத் தாத்தா பிறப்பதற்கு முன்னால் போட்ட சட்டம் என்றேன். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

புதிய தர்ணாக்காரர்கள்

வாசலில் நின்ற பையன்கள் யார்? 1990களுக்குப் பிறகு கடன் கொடுப்பது பெருகியது. வசூல் செய்யும் வேலையை வெளியாட்களுக்குக் கொடுத்தார்கள். ஏழெட்டு நூற்றாண்டு தாண்டி அந்தப் பழைய வட்டம் மறுபடி தெருவுக்கு வந்தது. அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கும் போக்கை 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008இல் ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்கு விதிமுறை போட்டது. 2022இல் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்காரரை வசூலுக்காக அழைக்கக்கூடாது. மிரட்டக்கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக்கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது. சிறுகடன் கொடுக்கும் மைக்ரோ பைனான்ஸுக்கு நேரம் இன்னும் குறுகல், காலை 9 முதல் மாலை 6 வரை. முகவர் செய்யும் தவறுக்கு அவரை அனுப்பிய நிறுவனமே பொறுப்பு. முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

தனி ஆட்களின் மீட்டர் வட்டி, தண்டல், கந்துவட்டிக்கு நம் மாநிலத்தில் 2003இல் தனிச் சட்டம் வந்தது, மூன்று வருஷம் வரை சிறை. 2025இல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க இன்னொரு சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

ஒன்றைக் கவனித்தீர்களா? இருட்டோடு போய்ப் புளியமரத்தடியில் நான் காத்து நின்றதும், இன்று ரிசர்வ் வங்கி சொல்லும் எட்டு மணியும் ஒரே விதிதான். கடன் பட்டவனும் தூங்கி எழுந்து முகம் கழுவ நேரம் கொடு என்பதுதான் அது.

டீச்சரம்மா கதை என்ன ஆயிற்று?

மூன்று நாள் கழித்து ஆறே முக்கால் மணிக்கு அதே பையன்கள் மறுபடி வந்தார்கள். நானும் போய் நின்றேன். கோபப்படவில்லை. "தம்பி, யார் அனுப்பினாங்க? அடையாள அட்டை காட்டுங்க. கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம் காட்டுங்க. இப்ப மணி என்ன?" என்று கேட்டு, டீச்சரம்மாவின் நோட்டில் தேதியும் நேரமும் பைக் எண்ணும் எழுதினேன். ஒருவன் முறைத்தான். இன்னொருவன் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான், வசூலித்தால் கமிஷன், இல்லாவிட்டால் பட்டினி.

அன்றே தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துப்போனேன். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மாவுக்கே இது தெரியவில்லை. ஒரு இளம் வக்கீல் பெண் வந்தார். கணக்கு கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம், காலை நேரத்துக் கூச்சலைப் பற்றி ஒரு புகார். பதிலுக்கு வந்த கணக்கில் அபராத வட்டி என்று ஏகப்பட்டது ஏறியிருந்தது. கடைசியில் லோக் அதாலத்தில் உட்கார்ந்து பேசி, உண்மையான பாக்கியைத் தவணையில் கட்டுவது என்று முடிந்தது. கடன் ஒரேயடியாகப் போய்விடவில்லை, மகன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். வாங்கியதைக் கொடுக்க வேண்டியதுதானே. ஆனால் அந்த மூன்று செக் தாள்களும் திரும்பி வந்துவிட்டன. டீச்சரம்மா அவற்றை என் எதிரிலேயே கிழித்தார். தெருவில் தலை நிமிர்ந்து கோலம் போடுகிறார்.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். பிள்ளைக்காக, பேரனுக்காகக் கையெழுத்துப் போடத்தான் செய்வோம், போடாதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் தொகையும் தேதியும் இல்லாத செக்கில் போடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தக் கடனுக்கு, எந்த எண் செக் என்று எழுதி ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். யாராவது வாசலில் வந்து கத்தினால் உள்ளே போய் அழாதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்.

அந்த நெசவாளர் வீட்டில் நான் நின்றபோது என் கையில் காகிதம் இருந்தது. அப்படியும் அந்த மோர் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. காகிதமும் இல்லாமல் வந்து நிற்கிறவர்களுக்கு நாம் எதற்குப் பயப்பட வேண்டும்?